கூலியில்லாப் பாட்டு: சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் கூடிப் பாடியவர்களின் வரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பேரை அமர்த்தினான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் முழக்க ஒருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஒருவர் இறந்துபோனால் அந்த இடத்துக்கு யார் வர வேண்டும் என்பதுவரை கல்லில் வெட்டி வைத்தார்கள். கூலி பெற்றுப் பாடியவர்களின் வரலாறு இப்படிக் கோயில் சுவரிலேயே கிடைத்துவிடுகிறது. வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர்கள், கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள், ஒரு மணி நேரம் கூடிப் பாடிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் ஆகியோரின் வரலாற்றை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். அது அவர்கள் பாடிய பாட்டின் கட்டமைப்பில் இருக்கிறது. கூடிய நாட்களில் இருக்கிறது. பாடி முடித்ததும் பரிமாறிய சோற்றிலும், யாரை உள்ளே விட்டார்கள் என்பதிலும் இருக்கிறது.

இந்தத் தேடலுக்குச் சேத்தியாத்தோப்பைவிடப் பொருத்தமான ஊர் அரிது. வெள்ளாற்றின் கரையில், அணைக்கட்டுக்கும் சர்க்கரை ஆலைக்கும் பெயர்போன சிறு பேரூர் அது. தெற்கே வீராணம் ஏரி, அதன் மறுகோடியில் காட்டுமன்னார்கோயில். கிழக்கே புவனகிரியும் சிதம்பரமும். வடக்கே வடலூர், அதை ஒட்டி நெய்வேலி. மேற்கே விருத்தாசலம் பக்கம் இராஜேந்திரப்பட்டினம். இந்த வளையத்துக்குள் ஆயிரம் ஆண்டுகளாகச் சாதாரண மக்கள் கூடிப் பாடியிருக்கிறார்கள். கோஷ்டி, மடம், சங்கம், குழு, மன்றம் என்று பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு பாட்டுக் குழு பல தலைமுறை நிற்பதற்குக் குரல்வளம் காரணமாக இருந்ததில்லை என்பதை இந்த வட்டாரம் தெளிவாகவே காட்டுகிறது. திருப்பிச் சொல்லத்தக்க பாட்டு, கைக்கு எட்டும் நூல், தவறாத நாள், பசித்தவர்க்குச் சோறு, திறந்த வாசல் என்ற ஐந்தும் சேர்ந்த இடத்தில் குழு நின்றது. ஒன்று குறைந்த இடத்தில் தளர்ந்தது.

ஏரியைச் சுற்றி

வீராணம் ஏரி முதலாம் பராந்தகன் காலத்தது. வீரநாராயணன் என்ற அவனது பட்டப்பெயர்தான் ஏரிக்கும், காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயரான வீரநாராயணபுரத்துக்கும் வாய்த்தது. கல்கி தமது 'பொன்னியின் செல்வ'னை ஆடிப்பெருக்கு நாளில் இந்தக் கரையில் தொடங்கி, ஊர்மக்கள் திரண்டு ஆடிப் பாடுவதைக் காட்டுகிறார். நாவலாசிரியரின் கற்பனைக்கு முன்பே, சமய மரபு இந்த ஏரியைப் பாட்டோடு முடிச்சிட்டு வைத்திருந்தது.

வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. வீரநாராயணபுரத்து மன்னனார் சந்நிதியில் வெளியூர் அடியார்கள் சிலர் குடந்தை ஆராவமுதன்மேல் பத்துப் பாசுரம் பாடினார்கள். அவை ஆயிரத்துள் பத்து என்பது பாட்டிலேயே இருந்தது. மீதி எங்கே என்று நாதமுனிகள் கேட்டார். தங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே என்றார்கள். அவர் திருக்குருகூருக்குப் போய், மதுரகவியின் பாசுரங்களைப் 12,000 முறை ஓதி, நம்மாழ்வாரிடமிருந்து நாலாயிரத்தையும் பெற்றார். தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் அவற்றைப் பண்ணோடு கற்பித்தார்.

இதைப் பக்திக் கதையாக மட்டும் படித்தால் ஒரு செய்தி நழுவிவிடும். தொகுப்பாசிரியர் வருவதற்கு முன்பே பாடும் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் கையில் முழு நூல் இல்லை, பத்துப் பாட்டுத்தான் இருந்தது. கூடிப் பாடுவோர் எக்காலத்திலும் இப்படித்தான்: நூலின் பெருமை அறிந்து பாடுவதில்லை, வாயில் படிந்த சில பாட்டுகளை விடாமல் பாடுவார்கள். அந்த விடாப்பிடியால்தான் மீதியைத் தேடவேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கு எழுந்தது.

சைவத்தின் கதையும் இதே வளையத்துக்குள்தான் நடக்கிறது. தேவாரத்தைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூர்க்காரர். சிதம்பரத்து அறையில் கறையான் அரித்ததுபோகக் கிடைத்த ஏடுகளை எடுத்ததும் அடுத்த சிக்கல் எழுந்தது: சொல் கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. திருமுறைகண்ட புராணத்தின்படி அதைத் தந்தவர் திருவெருக்கத்தம்புலியூரில், அதாவது இன்றைய இராஜேந்திரப்பட்டினத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். ஏட்டில் இல்லாதது ஒரு குடும்பத்தின் தொண்டையில் இருந்தது. அதன்பின் தேவாரம் ஓதுவார்களின் தொழிலானது, நாலாயிரம் அத்யாபகர்களின் சேவாகாலமானது. பாட்டு பிழைத்தது, ஆனால் பொதுமக்கள் பாடுவோர் இடத்திலிருந்து கேட்போர் இடத்துக்கு நகர்ந்தார்கள். அவர்கள் வாய்திறக்க வேறு இடமும் வேறு வகைப் பாட்டும் தேவைப்பட்டன.

எடுத்துக் கொடுப்பவரும் வாங்கிப் பாடுபவரும்

அந்த வேறு வகைதான் பஜனை. குடந்தையைச் சுற்றிய காவிரிக் கரையில் அதற்கு முறை வகுத்தவர்கள் மூவர்: கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், அவர்களுக்குப்பின் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள். தோடய மங்களத்தில் தொடங்கி, குரு தியானம், ஜெயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம் என்று நகர்ந்து, குத்துவிளக்கைச் சுற்றி ஆடும் திவ்யநாமத்தில் உச்சம் பெறும் வரிசை அது. தியாகராஜரும் இந்தச் சூழலின் பிள்ளைதான். உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்த அவர், கூட்டம் சேர்ந்து பாடுவதற்கென்றே திவ்யநாமக் கீர்த்தனைகளையும் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளையும் எளிய மெட்டில் செய்தார்.

தென்னாற்காட்டுச் சிற்றூர்களுக்கு இந்த வரிசை முழுதாக வந்து சேரவில்லை. வந்தது அதன் எலும்புக்கூடு: ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் நாமாவளி. வடதமிழகத்தில் 'பஜனை கோயில் தெரு' இல்லாத ஊரைக் காண்பது கடினம். பெரும்பாலும் ஒற்றை அறை, ராமர் பட்டாபிஷேகப் படம், ஒரு விளக்கு, சுவரில் தொங்கும் ஜால்ரா, கொஞ்சம் வசதி இருந்தால் ஆர்மோனியமும் டோலக்கும். கோபுரமோ குருக்களோ தேவையில்லை. மாலையில் அந்த அறையே ஊர்ப் பஞ்சாயத்துக்கும் திண்ணைப் பேச்சுக்கும் இடம்.

நாமாவளியின் இரகசியம் அதன் வடிவம். வரி சிறியது, இரண்டு முறை, நான்கு முறை திரும்பும், வேகம் படிப்படியாக ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவர் இரண்டாம் சுற்றிலேயே சேர்ந்துகொள்ளலாம். சுருதி பிசகினால் கூட்டத்தின் ஓசையில் கரைந்துவிடும். தனிக்கச்சேரியில் குற்றமாகப் படும் பிசகு இங்கே யார் காதிலும் விழாது. பாடத் தெரிந்த ஒருவரும் பாட விருப்பமுள்ள முப்பது பேரும் போதும். அந்த ஒருவர் ஊர்விட்டுப் போனாலும், பல ஆண்டுகள் வாங்கிப் பாடியவர்களில் ஒருவர் எடுத்துக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிடுவார். பயிற்சிப் பள்ளி தனியாக வேண்டியதில்லை, பாடுவதே பயிற்சி. தமிழ் முஸ்லிம்களின் மவ்லிது ஓதலிலும் இதே இலக்கணம்தான். ஒருவர் பைத்து ஓத, கூடியிருப்போர் திரும்ப வரும் அடியைச் சேர்ந்து சொல்கிறார்கள். முடிவில் உணவு பரிமாறப்படுகிறது.

மார்கழியின் கணக்கு

வடிவம் ஆளைச் சேர்க்கும். சேர்ந்தவரை மறுநாளும் வரவைப்பது நாள்காட்டி. மார்கழியின் கணக்கு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. திருப்பாவை 30 பாட்டு. திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, சேர்ந்தால் அதுவும் 30. நாளுக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டால், இன்று வராதவருக்கு இன்றைய பாட்டு போயிற்று. பனியில் எழுந்து தெருச்சுற்றி வரும் கூட்டத்தைக் கட்டிவைத்தது பக்தி மட்டும்தானா என்ற கேள்விக்கு, விடியலில் ஆவி பறந்த வெண்பொங்கலும் ஒரு பதில். குழந்தைகள் பொங்கலுக்காக வந்தார்கள். பத்து நாளில் பாட்டு மனப்பாடமானது.

மாநகரத்திலும் இதற்கு இணை உண்டு. மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனை புகழ்பெற்றது. ஆராய்ச்சியாளர்கள் கண்ணிலும் முதலில் பட்டது சென்னைதான். சிகாகோ மானிடவியலாளர் மில்டன் சிங்கர் சென்னையின் ராதாகிருஷ்ண பஜனைகளைக் களத்தில் கண்டு எழுதிய ஆய்வு 1966இல் அவர் தொகுத்த நூலில் இடம்பெற்றது. வயது, பதவி பாராமல் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து, கட்டித் தழுவிக்கொள்ளும் சடங்கை அவர் முக்கியமாகக் கவனித்தார். அந்தச் சமத்துவம் பெரும்பாலும் ஒரே சாதிக்குள், நகரத்து நடுத்தர வர்க்கத்துக்குள் நிகழ்ந்தது என்பதும் அதே ஆய்விலிருந்து தெரிகிறது. கிராமத்துப் பஜனை மடத்தைப் பற்றி அத்தகைய ஆய்வு நடந்திருந்தால், தெருவின் எல்லையில் ஜால்ராச் சத்தம் நின்றுவிடுவதையும் பதிந்திருப்பார்கள்.

வடலூர்: ஏழு ஆண்டுகள்

இந்த எல்லையைக் கேள்வி கேட்டவர் இதே வட்டாரத்து மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க வள்ளலார். அவரை ஞானியாகவும் சீர்திருத்தக்காரராகவும் கவிஞராகவும் எழுதியிருக்கிறார்கள். கூடிப் பாடும் குழுவை நிலைநிறுத்தத் தெரிந்தவர் என்ற கோணத்திலும் அவரைப் பார்க்கலாம். 1865இல் சன்மார்க்க சங்கம். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில் திருவருட்பா அச்சு. அதே 1867 மே 23இல் வடலூரில் தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1872 சனவரி 25இல் சத்திய ஞானசபை. மாதப் பூசம் தோறும் சோதி தரிசனம், தைப்பூசத்தில் ஏழு திரை நீக்கம். வாசல், நூல், சோறு, இடம், நாள் என்று ஒரு பாடும் சமூகத்துக்குத் தேவையான யாவும் ஏழாண்டுக்குள் அமைந்துவிட்டன.

பாட்டின் வடிவத்திலும் அதே கவனம். கும்மி, கீர்த்தனை, நாமாவளி என்று மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய அச்சுகளில் அவர் நிறைய வார்த்தார். 1872இல் எழுதிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1,596 அடி. நீளத்தைக் கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால் இரண்டிரண்டு அடியாக நகரும் அந்தப் பாட்டில் பெரும்பகுதி தலைப்பிலுள்ள அதே சொல்லில் வந்து முடிகிறது. முதல் அடியை நூல் பார்த்துப் படிக்க முடியாதவரும் இரண்டாம் அடியின் முடிவில் சேர்ந்துகொள்ளலாம். சன்மார்க்க சங்கங்களில் இன்றும் அகவல் பாராயணம் நடப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். வடலூரில் தொடங்கிய இந்தச் சங்க அமைப்பு தமிழ்நாட்டு ஊர்களைத் தாண்டி இலங்கை, மலேசியா வரை பரவியது. சங்கம் நடத்தும் இடத்தில் பாட்டும் இருக்கும், அன்னதானமும் இருக்கும்.

கூலியில்லாப் பாட்டு, கூலிபெற்ற பாட்டின் இடத்துக்குள் நுழைந்தபோது மோதல் வந்தது. கோயில்களில் தேவார திருவாசகத்துக்குரிய இடத்தில் இராமலிங்கர் பாடல்களை அன்பர்கள் பாடத் தொடங்கினார்கள். சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இதை ஏற்கவில்லை. 1869இல் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. சச்சரவு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இதை அருட்பா, மருட்பா என்ற சொற்போராகவே பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். அடிப்படையில் அது பாடும் உரிமை பற்றிய வழக்கு: கோயிலுக்குள் எந்தப் பாட்டு ஒலிக்கலாம், அதை முடிவுசெய்வது மரபா, பாடும் கூட்டமா? நாவலரின் நிலையில் ஒரு நியாயம் உண்டு. கறையானுக்குத் தப்பிய திருமுறையைக் காத்தது வரையறைதான். எவர் பாட்டும் புகலாம் என்று விட்டிருந்தால் தொகுப்பே கலைந்திருக்கும். காப்பதற்கு வரையறை வேண்டியிருந்தது, கூடிப் பாட விரிவு வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியாது என்பதை வடலூரில் எழுந்த தனிச் சபை காட்டியது.

வாசல்

வாசலைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு அச்சாகி, தமிழகமெங்கும் பரவியது. கொள்ளிடக்கரை ஆதனூர்ப் புலையர் ஒருவர் தில்லைக்குப் போக ஏங்கிய கதை. கதாகாலட்சேபத்தில் பின்பாட்டுக்காரர்களோடு கேட்பவர்களும் சேர்ந்து பாடினார்கள், கண்கலங்கினார்கள். அப்படிப் பாடிய தெருக்கள் பலவற்றில் நந்தனாரின் சாதியில் பிறந்தவர் நடக்க முடியாது. பாட்டு ஒருவரை உள்ளே அழைக்க, பாடிய இடம் அவரை வெளியே நிறுத்தியது.

இந்த முரணுக்கு விடை மடத்துக்குள்ளிருந்து வரவில்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரிலேயே மடம் அமைத்து, 1916இல் பள்ளியும் தொடங்கினார். அடைத்த வாசலைத் தட்டிக்கொண்டிராமல் தனக்கென ஒரு வாசலை அமைத்துக்கொள்வது என்பது அதன் பொருள். தென்னாற்காட்டில் ஊர்த்தெருவில் ஒரு பஜனை மடமும் காலனியில் இன்னொரு பஜனை மடமும் தனித்தனியாக இருப்பதை இன்றும் காணலாம். ஒரே நாமாவளி, இரண்டு அறைகள். கூட்டுப்பாடலை ஒற்றுமையின் அடையாளமாக மட்டும் புகழ்பவர்கள் இந்த இரண்டாவது அறையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நெய்வேலியின் வட்டங்கள்

தெருவின் கணக்கைக் குலைத்தது நிலக்கரி. நெய்வேலி நிறுவனம் 1956இல் பதிவானது; 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; 1961இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. சுரங்கத்துக்கும் நகரியத்துக்குமாகப் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. நகரியத்துக்குள் வேலுடையான்பட்டு முருகன் கோயில் பழைய ஊர்ப்பெயரோடு நிற்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் சுற்றுப்புறம் முழுவதிலுமிருந்து அங்கே வந்து சேர்கின்றன.

நகரியத்தில் வீடு ஒதுக்கியது வேலைத் தரத்தைப் பார்த்து. 'வட்டம்' என்று எண்ணிட்டு அழைக்கப்படும் குடியிருப்புகளில், திருநெல்வேலிக்காரருக்குப் பக்கத்து வீட்டில் கேரளத்துக்காரர், எதிர்வீட்டில் விருத்தாசலத்துக்காரர். பஜனைக்குக் கூடியவர்கள் ஒரே தெருவில் பிறந்தவர்களாக இருக்க வாய்ப்பே இல்லை. இன்னொரு மாற்றமும் வந்தது: மூன்று ஷிஃப்ட் வேலை. விடியலில் எல்லோரும் கூடும் மார்கழிக் கணக்கு, இரவு ஷிஃப்ட் முடியாதவருக்கு ஒத்துவராது.

நிலக்கரிக்கும் கூட்டுப்பாடலுக்கும் உலகறிந்த உறவு வேல்ஸ் நாட்டில் உண்டு. அங்குள்ள சுரங்கப் பள்ளத்தாக்குகளில் ஆண்கள் பாடற்குழுக்கள் பெருகின. ட்ரியார்க்கி குழு 1883ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. அங்கே தேவாலயம் பாடலைத் தந்தது. சுரங்களை எழுத்துகளாலேயே குறிக்கும் டானிக் சோல்-ஃபா முறை, இசைக்குறியீடு படிக்கத் தெரியாத தொழிலாளியையும் நான்கு குரல் இசையில் நிறுத்தியது. நெய்வேலியைப் போன்ற நம் தொழில்நகரங்கள் வேறு வழியில் போயின. ஒரே நிறுவனத்தின் ஒரே குழு என்ற வடிவம் இங்கே எழவில்லை. வட்டந்தோறும், தெய்வந்தோறும் சிறு குழுக்கள்.

அவற்றுள் மிக வேகமாகப் பரவியது ஐயப்ப பஜனை. 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானபின் பி.டி. ராஜன் செய்வித்த ஐம்பொன் சிலை தமிழகத்தில் ஊர்வலம் வந்தது. நவாப் ராஜமாணிக்கம் 'சுவாமி ஐயப்பன்' நாடகத்தை ஊர்தோறும் நடத்தினார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் கார்த்திகை மாலை தமிழ்நாட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளின் பொதுப் பழக்கமானது. ஐந்து தேவைகளையும் அது எளிதாக நிறைவேற்றியது. சரணத்துக்குச் சரணம் திருப்பிச் சொன்னால் போதும், அதுவே பாட்டு. சட்டைப்பைக்குள் அடங்கும் பாட்டுப் புத்தகம் கடையில் கிடைக்கும். கார்த்திகை முதல் நாள் தொடங்கி ஒரு மண்டலம் நாள்காட்டி. மாலை நேரப் பூசையை ஷிஃப்டுக்கு ஏற்றாற்போல் அன்றன்று ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். முடிவில் அன்னதானம். மாலை போட்டவர் எல்லோரும் 'சாமி'. மேலதிகாரியையும் அப்படித்தான் அழைக்க வேண்டும். அதன் வாசலில் ஒரு தடையும் இருந்தது: இளம்பெண்களும் நடுவயதுப் பெண்களும் மாலை போட முடியாது. அவர்கள் பூசைக்குச் சமைத்தார்கள், கேட்டார்கள்.

மறுகுரலைப் பறித்தது

ஐந்தில் ஒன்றை எந்திரம் பறித்தது. 1950 வாக்கில் காஞ்சிப் பெரியவர் முன்னெடுத்த திருப்பாவை-திருவெம்பாவை இயக்கம் பாடல்களைப் பள்ளிப் பிள்ளைகள்வரை கொண்டுசென்றது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு அமைத்த மெட்டுகள் எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் வீடுகளுக்குள் வந்தன. ஆடி மாதத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரி. பாட்டு இவ்வளவு பரவியது அதற்குமுன் இல்லை. அதே வேகத்தில் கோயில் மேல் குழாய் ஒலிபெருக்கி ஏறியது. விடியற்காலையில் தெருச்சுற்றிப் பாடும் வேலையை இசைத்தட்டும், பிறகு கேசட்டும், இப்போது பென் டிரைவும் செய்துவிடுகின்றன.

ஒலிபெருக்கியின் மேல் ஊராருக்குள்ள வழக்கமான குறை இரைச்சல். குழுவுக்கு அது செய்த கெடுதல் வேறு. எடுத்துக் கொடுப்பவரையும் வாங்கிப் பாடுபவரையும் அது தன்னிடமே வைத்துக்கொண்டது. முன்பாட்டு, பின்பாட்டு இரண்டும் பதிவிலேயே இருப்பதால் ஊரார் நிரப்ப வேண்டிய இடம் காலியாக இல்லை. அதோடு, தேர்ந்த பாடகியின் குரலைத் தினமும் கேட்டுப் பழகிய காதுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பிசகிய சுருதி முதன்முறையாக உறுத்தத் தொடங்கியது. 'நமக்கெல்லாம் பாட வராது' என்ற கூச்சம் பஜனை மடத்துக்குப் புதியது.

இதைக் கடந்து நிற்பது திருவாசக முற்றோதல். 51 பதிகம், 658 பாட்டு. காலையில் தொடங்கி மாலைவரை ஒரே அமர்வில் ஓதி முடிக்கிறார்கள். ஓதுவார் மரபில் வராத கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஊழியர்கள், ஆசிரியர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள். ஐயப்ப பஜனையில் சமையற்கட்டில் இருந்தவர்கள் இங்கே நூலோடு முன்வரிசையில் உட்காருகிறார்கள். பல குழுக்களில் எடுத்துக் கொடுப்பவரும் பெண்தான். மாணிக்கவாசகர் வாழ்வு நிறைவுற்ற சிதம்பரத்தைச் சுற்றிய ஊர்களில் இதற்குத் தனி ஈர்ப்பு உண்டு. நடுப்பகலில் சோறு உண்டு. மலிவுப் பதிப்பு எல்லார் மடியிலும் உண்டு. ஒலிபெருக்கியையும் வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது கூட்டத்தின் குரலைப் பெருக்க மட்டுமே பயன்படுகிறது. நாள் முழுக்க நீளும் பாட்டை ஒரு பதிவை ஓடவிட்டு முடித்துவிட்டால் யாருக்கும் நிறைவு கிடைக்காது. வந்து உட்கார்ந்து ஓதினால்தான் அது முற்றோதல். எந்திரம் எளிதில் புக முடியாத அளவுக்குப் பாட்டின் நீளமே வேலியாக நிற்கிறது.

நாதமுனிகள் கேட்ட பத்துப் பாட்டிலிருந்து முற்றோதலின் 658 வரை பார்த்தால், இந்த வட்டாரத்தில் குழுக்கள் அழிந்ததைவிட உருமாறியதே மிகுதி. ஒரு வடிவத்தின் வாசல் அடைபடும்போது பக்கத்தில் இன்னொன்று திறந்திருக்கிறது. ஊர்ப் பஜனையை மீட்க வேண்டும் என்று விரும்புவோர் வழக்கமாக இரண்டு காரியம் செய்கிறார்கள்: பாட்டு வாத்தியாரை வைத்து வகுப்பு நடத்துகிறார்கள், போட்டி வைத்துப் பரிசு தருகிறார்கள். இரண்டும் நல்ல குரலைத் தேடிப் பிரித்தெடுக்கும் வேலைகள். மீதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. இந்த வரலாறு காட்டும் வழி மலிவானது: பெரிய எழுத்தில் சிறு பாட்டுப் புத்தகம், மாறாத ஒரு நாள், ஒரு பானைப் பொங்கல், இரண்டு மடங்களுக்கும் பொதுவான ஓர் அறை. பாட்டு நடக்கும்வரை பதிவு செய்த குரலை நிறுத்திவைக்கவும் வேண்டும். இவை அமைந்தால், பாடத் தெரிந்த அந்த ஒருவர் எந்த ஊரிலும் கிடைப்பார்.